புனித எலிசபெத்தம்மாளின் தமையனார்: ஹங்கேரி நாட்டு நான்காம் பேலா மன்னர்

ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தம்மாளின் பெயரைக் கேளாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இராது. ஏழைகளுக்காக மடியில் மறைத்து எடுத்துச் சென்ற அப்பம் ரோஜா மலர்களாக மாறிற்று என்னும் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அப்புனிதையோடு ஒரே பெற்றோருக்குப் பிறந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் ஹங்கேரி நாட்டை ஆண்ட அவருடைய தமையனார் பேலா மன்னரை அறிந்தவர்கள் நம்மில் வெகு சிலரே.

பேலா பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதர் அல்லர். கோபமும் பிடிவாதமும் உள்ள மனிதர். எனினும் அவருடைய குடும்பத்தைப் பாருங்கள்: தங்கை ஒரு புனிதை, மகளிருள் இருவர் புனிதையர், மற்றொரு மகள் முத்திப்பேறு பெற்றவர். அத்தகைய குடும்பத்தின் தலைவர் தம் வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு சிக்கலோடு போராடினார். அந்தச் சிக்கலின் பெயர் நிலம். தந்தை வாரி வழங்கிய நிலத்தை மகன் திரும்பப் பெறலாமா? கொடுத்த வாக்கு பெரிதா, நாட்டின் நலம் பெரிதா? பாகப் பிரிவினையால் மனம் கசந்த குடும்பங்களைக் கண்டிருக்கும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

புனித ஸ்தேவான் வகுத்த வழி

ஹங்கேரியின் முதல் கிறிஸ்தவ அரசர் புனித ஸ்தேவான், அதாவது நாம் முடியப்பர் என்று அழைக்கும் பெயரைத் தாங்கியவர். 1000-ம் ஆண்டை ஒட்டி முடிசூடி, 1038 வரை ஆண்டார். பத்து ஊர்கள் சேர்ந்து ஒரு கோயில் கட்டவேண்டும், அதற்கு நிலமும் மாடுகளும் கொடுக்கவேண்டும் என்று அவர் சட்டம் செய்தார். திருவுடைகளையும் பீடத் துணிகளையும் அரசர் தருவார். குருவையும் புத்தகங்களையும் ஆயர் தருவார். பங்கு என்பதே அந்நாட்டில் இவ்வாறுதான் வேரூன்றியது.

அதே அரசர் சொத்துரிமைக்கும் வழி வகுத்தார். ஒருவன் தன் உடைமையைத் தன் மனைவிக்கோ, மக்களுக்கோ, உறவினருக்கோ, கோயிலுக்கோ விட்டுச் செல்லலாம். அவன் இறந்தபின் அந்த ஏற்பாட்டை எவரும் குலைக்கக்கூடாது. இது குடிகளுக்குப் பெரிய பாதுகாப்பாயிற்று. பின்னர் 1095 முதல் 1116 வரை ஆண்ட கொலொமான் அரசர் அரச மானியங்களுக்கு ஒரு வரம்பு கட்டினார். புனித ஸ்தேவான் கொடுத்த நிலம் எல்லா வாரிசுகளுக்கும் செல்லலாம். பிற அரசர்கள் கொடுத்த நிலமோ தந்தையிடமிருந்து மகனுக்கும், மகன் இல்லையேல் உடன்பிறந்தானுக்கும் அவன் மக்களுக்கும் மட்டுமே செல்லும். அவர்களும் இல்லையேல் அரசரிடமே திரும்பிவிடும்.

இவ்வாறு சிலருக்குக் கொடுத்தது போக, நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி அரசரிடமே இருந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கோட்டை; அதைச் சூழ்ந்து கோட்டை நிலம்; அதில் உழுவோரும், போருக்குச் செல்வோரும் இருந்தனர். இஷ்பான் எனப்பட்ட அதிகாரி அதை நிர்வகித்தார். வருமானத்தில் மூன்றில் இரு பங்கு அரசருக்கும், ஒரு பங்கு இஷ்பானுக்கும் சேர்ந்தது. அரசரின் படையும் பண்டகசாலையும் இந்தக் கோட்டை நிலத்தையே நம்பியிருந்தன.

தந்தையின் தாராளக் கை

பேலா 1206-ம் ஆண்டில் பிறந்தார். தந்தை இரண்டாம் அந்திரேயா அரசர். தாய் ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்த ஜெர்த்ரூத் அரசி. மறு ஆண்டு எலிசபெத் பிறந்தாள். அச்சிறுமியை நான்கு வயதிலேயே துரிங்கியா நாட்டுக்கு மணப்பெண்ணாக அனுப்பிவிட்டனர்.

அந்திரேயா அரசர் தாராளமானவர். ஆனால் அவர் வாரி வழங்கியது கோட்டை நிலத்தை. முந்தைய அரசர்கள் ஓர் ஊரைக் கொடுத்தால், இவர் ஊர்க் கூட்டங்களையே கொடுத்தார். முழு மாவட்டங்களையும் கொடுத்தார். அதுவும் என்றென்றைக்கும், மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் பாத்தியமாக எழுதிக் கொடுத்தார். அரசரின் கொடைக்கு அளவின்மையே அளவு என்ற கருத்து அவருடைய பட்டயங்களில் காணப்படுகிறது.

இதனால் இரண்டு தீமைகள் விளைந்தன. அரசரின் வருமானம் குறைந்து, புது வரிகளும், தரம் குறைந்த நாணயமும் வந்தன. மேலும், அரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்த சிறு நிலக்காரரான ராஜ சேவகர்கள், நிலம் பெற்ற பெருங்குடியினரின் கைக்குள் விழும் ஆபத்து உண்டாயிற்று. அரசியின் பிறந்த வீட்டாருக்குக் கிடைத்த சலுகைகள் வெறுப்பை மேலும் வளர்த்தன. 1213-ம் ஆண்டு செப்டம்பர் 28-ம் நாள், அரசர் போருக்குச் சென்றிருந்த வேளையில், பிலிஷ் காட்டில் ஜெர்த்ரூத் அரசி வெட்டிக் கொல்லப்பட்டார். பேலாவுக்கு அப்போது ஏறக்குறைய ஏழு வயதுதான். அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் பெருங்குடியினர் மீது விழுந்த கசப்பு எளிதில் மறையவில்லை.

பொன் முத்திரைச் சாசனம்

1222-ம் ஆண்டில் ராஜ சேவகர்களின் கிளர்ச்சிக்கு அந்திரேயா பணிந்தார். அவ்வாண்டு அவர் வழங்கிய ஆவணமே ஹங்கேரியின் புகழ்பெற்ற பொன் முத்திரைச் சாசனம். பொன்னாலான முத்திரை அதில் தொங்கியதால் இப்பெயர் பெற்றது. முப்பத்தொரு விதிகள் கொண்டது. ஏழு படிகள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. பிற்காலப் படிகளின் வழியாகவே நாம் அதை அறிகிறோம்.

சொத்துரிமை பற்றி அது கூறியவை கவனிக்கத்தக்கவை. முழு மாவட்டத்தையோ பதவியையோ பரம்பரைச் சொத்தாகக் கொடுக்கலாகாது. நேர்மையான ஊழியத்தால் ஒருவன் பெற்ற நிலத்தை அவனிடமிருந்து பறிக்கலாகாது. மகனின்றி இறக்கும் சேவகனின் நிலத்தில் மகளுக்குக் கால் பங்கு சேரவேண்டும். மீதியை அவன் விரும்பியவாறு எழுதி வைக்கலாம். எழுதாமல் இறந்தால் நெருங்கிய உறவினருக்குச் செல்லும். உறவினரே இல்லாதபோதுதான் அரசருக்குச் சேரும். மகளுக்கென ஒரு பங்கைச் சட்டமே ஒதுக்கி வைத்ததை நம் தாய்மார்கள் கவனிப்பார்களாக.

1231-ல் இச்சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது மற்றொரு நல்ல விதி சேர்ந்தது. அதுவரை வழக்குகளில் சம்மன் கொண்டு செல்வதும், சாட்சி சொல்வதும் அரசு ஏவலர்களின் வேலை. அவர்களுள் பொய்யர் பலர். ஆகவே இனி மறைமாவட்ட ஆயர் அல்லது கதீட்ரல் குருக்கள் சபையின் சாட்சியும் இருந்தால்தான் அவ்வேலை செல்லும் என்று விதிக்கப்பட்டது. இந்தச் சிறு விதி பின்னர் எவ்வளவு பெரிய மரமாயிற்று என்பதை மேலே காண்போம்.

பட்டத்து இளவரசரும் பாப்பரசரின் தீர்ப்பும்

சிறுவயதிலேயே இளைய அரசராக முடிசூட்டப்பட்டிருந்த பேலா, நிசேயா நாட்டுப் பேரரசரின் மகள் மரியாவை மணந்தார். தந்தை அத்திருமணத்தை முறிக்க விரும்பினார். பேலா முதலில் இணங்கி, பிறகு மனம் வருந்தி, மனைவியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். தந்தையின் சினத்துக்கு அஞ்சி இருவரும் ஆஸ்திரியாவுக்கு ஓடினர். பின்னர் சமாதானம் ஆயிற்று. அந்த மணவாழ்வு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

தந்தையும் மகனும் பிணங்கியதற்கு நிலமும் ஒரு காரணம். தந்தை கொடுத்தவற்றைத் திரும்பப் பெறவேண்டும் என்பது மகனின் உறுதி. ஆனால் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதில்லை என்று அரசர் ஆணையிட்டிருந்தால் என்ன செய்வது? ஆணையை மீறுவது பாவம் அன்றோ? இக்கேள்வி ரோமாபுரி வரை சென்றது. பாப்பரசர் மூன்றாம் ஒனோரியுஸ் இதற்குத் தீர்ப்பளித்தார். முடிசூடும்போது நாட்டின் உரிமைகளைக் காப்பேன் என்று ஆணையிட்ட அரசர், அவ்வுரிமைகளைக் குலைக்கும் வேறோர் ஆணையால் கட்டுப்படமாட்டார். தவறான ஆணைக்குத் தக்க தவம் செய்துகொண்டு, கொடுத்தவற்றை மீட்க முயலலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1234-ல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஹங்கேரி நாட்டு நிலத் தகராறு இவ்விதம் திருச்சபைச் சட்டம் பயில்வோர் அனைவருக்கும் பாடமாயிற்று.

1228 முதல் இளவரசர் தந்தையின் மானியங்களைச் சோதிக்கத் தொடங்கினார். தந்தை உயிரோடிருந்தமையால் பாதி வேலையே முடிந்தது.

எரிக்கப்பட்ட நாற்காலிகள்

1235 மே மாதத்தில், இறந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகியிராத எலிசபெத்தம்மாளைப் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் பெருஜியா நகரில் புனிதையாக அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்திரேயா மரித்தார். அக்டோபர் 14-ம் நாள் செகெஷ்ஃபெகெர்வார் நகரில் பேலா முடிசூடினார். தங்கை பீடமேறிய ஆண்டிலேயே தமையன் அரியணை ஏறினார்.

தங்கை தன் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்து, கையில் ஒன்றுமின்றி இறந்தாள். தமையனோ பிறர் கையிலிருந்ததை எடுப்பதில் இறங்கினார். தந்தையின் தலைமை அமைச்சராய் இருந்தவரின் கண்கள் பறிக்கப்பட்டன. அரசவையில் இளவரசரும் பேராயர்களும் ஆயர்களும் தவிர வேறெவரும் உட்காரலாகாது என்று கட்டளையிட்டு, பெருங்குடியினரின் நாற்காலிகளைப் பேலா தீயிலிட்டு எரித்தார். யாரும் நேரில் வந்து முறையிட முடியாது. மனுவை எழுதி அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். எழுத்தர்களுக்குக் கைநீட்டம் இன்றி எதுவும் நடவாது என்று மக்கள் முணுமுணுத்தனர்.

மாவட்டந்தோறும் நீதிபதிகள் சென்றனர். தம் பாட்டனார் மூன்றாம் பேலாவின் காலத்துக்குப் பின் கொடுக்கப்பட்ட மானியங்களை எல்லாம் தோண்டித் துருவினர். பழைய கோட்டை நிலம் என்று தெரிந்தால் மீட்டனர். துறவற மடங்களின் நிலமும் தப்பவில்லை. பாப்பரசர் கிரகோரியார் கண்டித்து எழுதிய பிறகே கோயில் சொத்து விஷயத்தில் மன்னர் பின்வாங்கினார்.

சட்டம் பேலாவின் பக்கம் இருந்தது உண்மையே. கோட்டை நிலம் நாட்டின் பாதுகாப்புக்கானது. அதை எவரும் தம் குடும்பச் சொத்தாக்க நியாயமில்லை. ஆனால் நிலத்தைப் பெற்றவன் அதைத் திருடியவன் அல்லன். அரசரின் முத்திரையை நம்பி, உழைத்து, போரில் இரத்தம் சிந்தி வைத்திருந்தவன். அவன் கேட்டது ஒன்றே: தந்தையின் முத்திரைக்கு மதிப்பில்லை எனில், மகனின் முத்திரைக்கு மட்டும் என்ன மதிப்பு? இக்கேள்விக்குப் பேலாவிடம் அப்போது மறுமொழி இல்லை.

கிழக்கிலிருந்து வந்த புயல்

சாமிநாதர் சபையைச் சேர்ந்த ஜூலியான் என்னும் துறவி, தூரக் கிழக்கில் வாழ்ந்த பழைய ஹங்கேரியரைத் தேடிப் பயணம் செய்தவர். மங்கோலியர் என்னும் தார்த்தாரியர் மேற்கு நோக்கி வருகின்றனர் என்ற எச்சரிக்கையை அவர்தாம் கொண்டு வந்தார். அவர்களுக்கு அஞ்சி ஓடிவந்த குமானியர் என்னும் மேய்ச்சல் மக்களை, 1239-ல் பேலா தம் நாட்டில் ஏற்றுக்கொண்டார். அவர்களுடைய மந்தைகள் குடியானவரின் விளைநிலங்களை அழித்தன. நம் நிலத்தைப் பறித்து அந்நியருக்கு மேய்ச்சல் விடுகிறாரே என்று வெறுப்பு இரு மடங்காயிற்று.

1241 மார்ச் மாதம் பாத்து கானின் படை வெரெச்கே கணவாயைக் கடந்தது. மன்னர் இரத்தந்தோய்ந்த வாளை நாடெங்கும் சுற்றி அனுப்பிப் படை திரட்டினார். பெருங்குடியினர் மெதுவாக வந்தனர். சிலர் மன்னருக்கு ஒரு தோல்வி வரட்டும், அப்போது நம் அருமை தெரியும் என்று எண்ணினர். இதனை எழுதி வைத்தவர் ரொஜேரியுஸ் என்னும் இத்தாலியக் குரு. வாராத் மறைமாவட்டத்தில் பணியாற்றி, தார்த்தாரியரிடம் சிறைப்பட்டுத் தப்பியவர். மன்னருக்கும் குடிகளுக்கும் இடையே மூண்ட பகையின் காரணங்களை அவர் வரிசைப்படுத்தும்போது நிலப் பறிப்பையும், எரிந்த நாற்காலிகளையும், எழுத்து மனுக்களையும் தவறாமல் குறிப்பிடுகிறார். மன்னர் தரப்பு நியாயத்தையும் அடுத்தடுத்துச் சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது.

இதற்கிடையே குமானியத் தலைவர் கொத்தென், ஒற்றன் என்ற வீண் சந்தேகத்தால் பெஸ்ட் நகரில் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் நாட்டைச் சூறையாடிக்கொண்டு வெளியேறினர். ஏப்ரல் 11-ம் நாள் சாயோ ஆற்றங்கரையில், முகி என்னுமிடத்தில் ஹங்கேரியப் படை அழிந்தது. எஸ்தெர்கோம், கலோச்சா ஆகிய இரு பேராயர்களும் களத்தில் விழுந்தனர். மன்னரின் தம்பி கொலொமான் பட்ட காயங்களால் பின்னர் இறந்தார். பேலா சிலரோடு தப்பி ஆஸ்திரியா சேர்ந்தார். அங்கே அடைக்கலம் தந்த பிரெடெரிக் கோமகன், பொன்னையும் வெள்ளியையும் கறந்ததோடு, எல்லையிலிருந்த மூன்று மாவட்டங்களையும் அடமானமாக எழுதி வாங்கினார். பிறரிடம் நிலம் மீட்கப் புறப்பட்ட மன்னரே தம் நிலத்தை எழுதிக் கொடுக்கும் நிலைக்கு ஆளானார்.

மற்றொரு கொடுமையும் நடந்தது. மாண்டவர் ஒருவரின் உடலில் கிடந்த அரச முத்திரை எதிரிகளின் கையில் சிக்கியது. அவர்கள் மன்னரின் பெயரால் போலிக் கடிதங்கள் எழுதுவித்து, மக்கள் வீட்டை விட்டு ஓடவேண்டாம் என்று அறிவித்தனர். முத்திரையை நம்பித் தங்கியவர்கள் மாண்டனர்.

கிளிஸ் கோட்டையில் ஒரு நேர்ச்சை

மன்னர் குடும்பத்தோடு அட்ரியாட்டிக் கடற்கரைக்கு ஓடினார். கடலோரப் பாறைமேல் நின்ற கிளிஸ் கோட்டையில் மரியா அரசி தங்கினார். அங்கே இரு பெண்மக்கள் நோயுற்று இறந்தனர். அவர்களை ஸ்ப்ளிட் நகரத்துக் கதீட்ரலில் அடக்கம் செய்தனர். அக்கோட்டையிலேயே 1242 ஜனவரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாடு விடுதலை பெற்றால் இப்பிள்ளையை ஆண்டவருக்கே ஒப்புக்கொடுப்பதாகப் பெற்றோர் நேர்ந்துகொண்டனர். அக்குழந்தையே ஹங்கேரியின் புனித மார்கரீத்தம்மாள்.

அக்குளிர்காலத்தில் தான்யூப் ஆறு உறைந்தது. தார்த்தாரியர் பனிக்கட்டியின்மேல் குதிரைகளை நடத்தி மேற்குப் பகுதியையும் அழித்தனர். பிறகு 1242-ன் வசந்த காலத்தில் திடீரெனக் கிழக்கே திரும்பினர். மங்கோலியப் பேரரசர் ஓகதாய் இறந்தது ஒரு காரணம் என்பர். மேய்ச்சல் குறைந்தது மற்றொரு காரணம் என்பர். அவர்கள் விட்டுச் சென்ற நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியது. இறந்தோர் தொகையை ஆறில் ஒரு பங்கு என்று கணிப்போரும் உண்டு, பாதி என்று கணிப்போரும் உண்டு.

எடுத்தவர் கொடுத்தார்

பேலா திரும்பி வந்து சுற்றிப் பார்த்தார். மீட்டெடுத்த கோட்டை நிலம் கையில் இருந்தது, உழ ஆளில்லை. மண்ணாலும் மரத்தாலும் கட்டிய பழைய கோட்டைகள் சாம்பலாய்க் கிடந்தன. எஸ்தெர்கோம் மேட்டுக் கோட்டை, செகெஷ்ஃபெகெர்வார் நகரம், 996-ல் தொடங்கப்பட்ட பன்னொன்ஹல்மா பெனதிக்து மடம் முதலிய சில இடங்களே எதிரிக்கு வசப்படாமல் நின்றன. உறுதியான மதிலுக்குள் இருந்தவர் பிழைத்தனர், இல்லாதவர் மாண்டனர்.

எத்தனையோ பேர் இப்பாடத்தைக் கண்டும் தம் பழைய கொள்கையைக் கைவிடமாட்டார்கள். பேலா கைவிட்டார். நாற்காலிகளை எரித்த கையே மீண்டும் மானியப் பட்டயங்களுக்கு முத்திரையிட்டது. ஆனால் தந்தை கொடுத்ததற்கும் மகன் கொடுத்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. தந்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். மகன் கடமையோடு கொடுத்தார். மலையுச்சி வேண்டுமா, அதில் கல்கோட்டை கட்டு. நிலம் வேண்டுமா, கவசமணிந்த வீரர்களோடு படைக்கு வா. வெறும் காடு வேண்டுமா, குடிகளை அழைத்து வந்து குடியேற்று. மன்னரின் இறுதிக் காலத்துக்குள் ஏறக்குறைய நூறு புதுக் கோட்டைகள் எழும்பின. மரியா அரசியும் தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டு விஷெகிராத் மலைமேல் கோட்டை கட்டுவித்தார்.

1247-ல் புனித அருளப்பர் மருத்துவ வீரர் சபைக்குத் தெற்கெல்லையில் செவெரின் நாட்டை மன்னர் வழங்கினார். கோட்டைகளைக் காக்கவேண்டும், நிலத்தைக் குடிகளால் நிரப்பவேண்டும், ஆனால் மன்னரின் அனுமதியின்றி உள்நாட்டுக் குடியானவரை இழுத்துச் செல்லலாகாது என்பன நிபந்தனைகள். அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் மன்னரின் நோக்கம் அதில் தெளிவாய்த் தெரிகிறது. ஓடிப்போன குமானியரையும் திரும்ப அழைத்து, ஆளற்ற சமவெளியில் குடியேற்றினார். தம் மகன் ஸ்தேவானுக்கு அவர்களுள் ஒரு பெண்ணையே மணமுடித்து வைத்தார்.

நகரத்தாருக்கும் உரிமை கொடுத்தார். 1244-ல் பெஸ்ட் நகரத்தாருக்கு வழங்கிய பொன் முத்திரைப் பட்டயத்தில், தங்கள் நீதிபதியையும் பங்குக் குருவையும் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றும், வாரிசில்லாதவர் தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம் என்றும் கண்டிருக்கிறது. பின்னர் ஆற்றின் மறுகரையில் குன்றின்மேல் மதில் சூழ்ந்த புது நகரம் எழுந்தது. அதுவே பூடா. இரண்டும் இன்று ஒன்றாகிப் புடாபெஸ்ட் என்னும் தலைநகராக விளங்குகின்றன. குன்றின்மேல் உள்ள தேவமாதா ஆலயமும் பேலாவின் காலத்தில் தோன்றியதே.

எல்லை நடந்த குருக்கள்

மானியம் கொடுப்பது என்றால் ஒரு காகிதத்தை நீட்டுவதல்ல. அக்கால முறையைச் சிறிது அறிவோம். மன்னர் வாக்களித்ததும் அவருடைய ஆள் ஒருவரும், கதீட்ரல் குருக்கள் சபையிலிருந்தோ துறவற மடத்திலிருந்தோ ஒரு குருவும் அந்நிலத்துக்குச் செல்வர். அண்டை நிலத்தார் அனைவரையும் அழைப்பர். பிறகு எல்லோருமாக எல்லையை நடந்து செல்வர். ஓடை, பெரிய மரம், பாதை, மண்மேடு என ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் குறிப்பர். அடையாளம் இல்லாத இடத்தில் புதிதாய் மண்மேடு எழுப்புவர். ஆட்சேபம் உள்ளவன் அப்போதே சொல்லவேண்டும். ஆட்சேபம் இல்லையெனில் உரிமையாளரிடம் நிலத்தை ஒப்படைப்பர். குரு திரும்பி வந்து தம் சபையில் அறிவிக்க, அங்கே பத்திரம் எழுதி முத்திரையிடுவர். ஒரு படி சபையின் பெட்டகத்தில் தங்கும்.

இவ்விதம் கதீட்ரல்களும் மடங்களும் நாட்டின் பத்திரப் பதிவு அலுவலகங்களாயின. நம்பிக்கைக்குரிய இடங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். 1231-ன் விதி விதைத்தது இங்கே மரமாயிற்று. தார்த்தாரியர் வருகையில் எரிந்துபோன பத்திரங்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கேட்டுப் பலர் மன்னரிடம் வந்தனர். சாட்சிகளை விசாரித்து அவர் உறுதிப்படுத்திக் கொடுத்தார். தந்தையின் முத்திரையைச் செல்லாது என்றவர், குடிகளின் தொலைந்த பட்டயங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

தந்தையும் மகனும்

வரலாறு மீண்டும் திரும்பியது. பேலா தம் தந்தையோடு பிணங்கியது போலவே அவருடைய மகன் ஸ்தேவானும் அவரோடு பிணங்கினார். 1262-ல் தான்யூப் ஆற்றை எல்லையாக வைத்து நாட்டை இருவரும் பகிர்ந்துகொண்டனர். சமாதானம் நிலைக்கவில்லை. 1264-ல் போர் மூண்டு, மறு ஆண்டு இஷசெக் களத்தில் மகனே வென்றார். இப்போரில் இரு தரப்பும் பெருங்குடியினரைத் தம் பக்கம் இழுக்க நிலத்தையும் கோட்டையையும் அள்ளி வீசின. கடமையோடு கொடுப்பேன் என்ற நல்ல கொள்கை, பகையின் நடுவே, விசுவாசத்தை விலைக்கு வாங்கும் பழைய வழக்கமாய்ச் சுருங்கிற்று.

1266 மார்ச் மாதத்தில் இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்ட இடம் எது தெரியுமா? தான்யூப் ஆற்றின் நடுவே முயல் தீவில், தேவமாதா பெயரால் மன்னர் கட்டிய கன்னியர் மடம். அங்கேதான் நேர்ந்துவிடப்பட்ட மகள் மார்கரீத்து சாமிநாதர் சபைக் கன்னியாக வாழ்ந்தாள். போஹேமியா நாட்டு அரசர் ஓட்டோக்கருக்கு அவளை மணமுடிக்கத் தந்தை விரும்பியபோது உறுதியாக மறுத்தவள் அவள். மடத்தில் பாத்திரம் துலக்கினாள். நோயுற்ற சகோதரிகளுக்கும் வேலைக்காரிகளுக்கும் பணிவிடை செய்தாள். நாட்டைப் பங்கிட்டுச் சண்டையிட்ட தந்தையும் தமையனும், தனக்கென ஒரு பிடி மண்ணும் வேண்டாத அப்பெண்ணின் வீட்டில் சமாதானம் செய்துகொண்டனர்.

இறுதிச் சட்டம்

1267-ல் ராஜ சேவகர்கள் எஸ்தெர்கோம் நகரில் கூடித் தம் குறைகளைச் சொன்னார்கள். மன்னரும் அவருடைய இரு புதல்வர்களும் அவர்களுடைய உரிமைகளை எழுத்தில் உறுதிப்படுத்தினர். சேவகர் என்றிருந்தவர்களைப் பிரபுக்கள் என்றே அந்த ஆவணம் அழைக்கிறது. ஆண்டுதோறும் செகெஷ்ஃபெகெர்வாரில் மாவட்டத்துக்கு இருவர் அல்லது மூவர் கூடி, இழைக்கப்பட்ட அநீதிகளைத் தீர்த்துக்கொள்ளலாம். வாரிசின்றி இறந்தவனின் நிலத்தை, அவனுடைய உறவினரை அழைத்துக் கேட்காமல் பிறருக்குக் கொடுத்துவிடலாகாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நேரில் வந்து முறையிடலாகாது என்ற அதே மன்னர், இப்போது குடிகளை அழைத்துக் கேட்பதையே சட்டமாக்கினார்.

1269-ல் அன்பு மகன் இளைய பேலா இறந்தான். 1270 ஜனவரி 18-ம் நாள் மார்கரீத்து மரித்தாள். மன்னர் அத்துயரை நெடுநாள் தாங்கவில்லை. அதே ஆண்டு மே 3-ம் நாள் முயல் தீவில் கண்மூடினார். எஸ்தெர்கோமில் பிரான்சிஸ்கன் சபையாரின் ஆலயத்தில், மகன் இளைய பேலா துயிலும் இடத்திலேயே அடக்கமானார். மரியா அரசியும் அவரைத் தொடர்ந்து அங்கேயே இளைப்பாறினார்.

அவர் விட்டுச் சென்றது

பேலாவின் மானியங்கள் நாட்டைக் காத்தன. அதே மானியங்கள் பின்னர் சிலரை அரசரைவிடப் பெரியவர்களாக்கின. அவருக்குப் பின் முப்பது ஆண்டுகள் கோட்டைப் பிரபுக்களே நாட்டை ஆட்டிப் படைத்தனர். 1301-ல் அந்த அரச மரபும் முடிவுற்றது. 1351-ல் லூயிஸ் அரசர், பிரபுவின் நிலம் குடும்பத்தை விட்டு வெளியே போகலாகாது என்று விதித்து, விரும்பியவருக்கு எழுதும் உரிமையை நீக்கினார். மகளின் கால் பங்கு மட்டும் நிலைத்தது. 1514-ல் வெர்பெட்சி என்னும் சட்ட அறிஞர் இவ்வழக்கங்களை எல்லாம் நூலாகத் தொகுத்தார். குடும்ப நிலம் பற்றிய அந்தக் கட்டுப்பாடு 1848 வரை ஆட்சி செய்தது.

மக்கள் அவரை நாட்டின் இரண்டாம் நிறுவனர் என்று போற்றுகின்றனர். மகள் மார்கரீத்தம்மாளை 1943-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதையாக அறிவித்தார். போலந்து நாட்டுக் கோமகளாகிப் பின் துறவு பூண்ட மகள் கிங்காவை 1999-ல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதையாக்கினார். மற்றொரு மகள் யோலந்தா 1827-ல் முத்திப்பேறு பெற்றவராக ஏற்கப்பட்டார்.

அன்பான பங்கு மக்களே, பேலா மன்னர் தவறே செய்யாதவர் அல்லர். தம் நியாயத்தை மட்டும் பார்த்துப் பிறர் மனத்தைப் புண்படுத்தியதன் விலையை முகிக் களத்தில் கொடுத்தார். ஆனால் அழிவின் நடுவே, உரிமையை நிலைநாட்டுவது போதாது, அண்டையாரையும் அழைத்து எல்லையைச் சேர்ந்து நடக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டார். நம் குடும்பங்களில் வரப்பும் வேலியும் பாகமும் பற்றிப் பேச்சு எழும்போது, அந்த மன்னரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். பெட்டியிலிருக்கும் பத்திரத்தோடு, பக்கத்து வீட்டாரின் நல்ல மனமும் சேர்ந்தால்தான் நிலம் நிம்மதி தரும். புனித எலிசபெத்தம்மாளும் புனித மார்கரீத்தம்மாளும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக.